பாம்பன் வீட்டு அலமாரிக்கு மூணு பிளான், இதுல எதை எடுக்கலாம்?

அக்கா வீட்டுல பாம்பன்ல புதுசா ரெண்டு ரூம் வீடு கட்டி பால் காய்ச்சியாச்சு, ஆனா துணிமணி எல்லாம் இன்னும் அட்டைப்பெட்டிலயும் சாக்குலயும்தான் கெடக்கு. செய்ய வேண்டிய சாமான் மூணுதான். துணிக்கு ஒரு அலமாரி, அடியில பொருள் வைக்கிற மாதிரி ஒரு கட்டில், அடுப்படிக்கு ரேக். இதுக்கு மூணு பிளான் கையில இருக்கு. ஒண்ணு மச்சான் நெட்ல இறக்கின அமெரிக்கா பிளான், வெட்டுற அளவுல இருந்து ஸ்க்ரூ எண்ணிக்கை வரைக்கும் அதுல இருக்கு. ரெண்டாவது மாடுலர் கடைக்காரர் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்த கலர் படம். மூணாவது எங்க ஆசாரி காலண்டர் தாளுக்குப் பின்னாடி பென்சில்ல போட்டுக் கொடுத்த நாலு கோடு. "தம்பி, நீதான் மரவேலை பாக்குறவன், எதுன்னு சொல்லு"ன்னு அக்கா கேட்டுச்சு. அதுக்கு யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டின்னு கடலோரத்துல வீடு இருக்கிற எல்லாருக்கும் இதே கேள்வி வரும்.

முதல்ல காத்தைப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா இந்த ஊருக்கு பிளான் பாக்குறப்ப அழகு, டிசைன் எல்லாம் அப்புறம்தான். உப்புக்கு ஒரு குணம் உண்டு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிச்சுன்னா அது தானா தண்ணிய இழுத்து கசிய ஆரம்பிச்சிரும், நம்ம வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்துல கட்டி கட்டியா ஆகுறது அதனாலதான். கடல்காத்துல வர்ற அதே உப்பு ஸ்க்ரூ தலையிலயும் கீல்லயும் டிராயர் சேனல்லயும் மெல்லிசா படிஞ்சு கெடக்கு, ராத்திரி ஈரம் ஏறுனா அது நனைஞ்சிடுது, பகல்ல காயுது, திரும்ப நனையுது. இப்படி வருஷம் முழுக்க நடந்தா எந்த இரும்புதான் நிக்கும்? 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கு துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் போட்டுருக்காங்கன்னா அது இந்தக் காத்துக்காகத்தான். நம்ம வீடு அந்தப் பாலத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, ஆனா அலமாரிக்கு மட்டும் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டு முடிச்சிடுறோம்.

அதனால என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: எந்த பிளான் இரும்பை நம்பி நிக்குது, எந்த பிளான் மரத்தை நம்பி நிக்குது?

நெட் பிளான்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இப்ப நிறைய பேரு அதைத்தான் பாத்து செய்யுறாங்க, நானும் அதுல இருந்துதான் கத்துக்கிட்டேன், அதுல நல்லது நிறைய இருக்கு. எந்தத் துண்டு எத்தனை, எந்த நீளம், எதை முதல்ல வெட்டணும்னு பட்டியல் போட்டுருப்பாங்க, அந்த ஒழுங்கு வேற எங்கயும் கிடைக்காது. பிரச்சினை என்னன்னா அது அவங்க ஊரு மரத்துக்கும் அவங்க ஊரு காத்துக்கும் போட்டது. அவங்க ரெண்டுக்கு நாலுன்னு சொல்ற கட்டை உண்மையில ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச்தான் இருக்கும், இழைச்சு வர்றப்ப அந்த அளவு. நம்ம அறுவை மில்லுல ரெண்டுக்கு நாலுன்னு கேட்டா கிட்டத்தட்ட ரெண்டுக்கு நாலே அறுத்துக் குடுப்பாங்க. அதை அப்படியே வெச்சு அவங்க கொடுத்த நீளத்துல வெட்டுனீங்கன்னா ஒவ்வொரு மூலையிலயும் அரை இஞ்ச் இடிக்கும், கதவு உக்காராது. கட்டிலும் அப்படித்தான். அவங்க குயின் சைஸ் மெத்தை 60க்கு 80 இஞ்ச், நம்ம கடையில கிடைக்கிறது 60க்கு 78, இல்லைன்னா 75. பிளானை மாத்தாம செஞ்சா கால்மாட்டுல சந்து விழும், தலையணை உள்ளே போகும்.

அதை எல்லாம் கணக்குப் போட்டு சரி பண்ணிடலாம். சரி பண்ண முடியாதது இணைப்பு. இந்த பிளான்கள்ல முக்கால்வாசி பாக்கெட் ஹோல்தான், அதாவது சாய்வா ஓட்டை போட்டு ஸ்க்ரூ ஏத்தி முடிச்சிடுறது, மரத்துக்கு மரம் பிடிமானமே கிடையாது. நான் முதல்ல செஞ்ச புக் ஷெல்ஃப் அந்த மாதிரிதான், சாதா கறுப்பு ஸ்க்ரூ போட்டு செஞ்சேன். ரெண்டாவது வாடைக்காத்து சீசன் முடியுறப்ப ஸ்க்ரூவைச் சுத்தி மரம் மை ஊத்துன மாதிரி கறுத்துப்போச்சு, அப்புறம் நரம்போட விரிசல் விட்டுச்சு. துரு இரும்பை விட ரொம்ப அதிக இடம் எடுக்கும், உள்ளே உக்காந்துக்கிட்டு மரத்தை ஆப்பு அடிச்ச மாதிரி பிளந்துரும். அந்த ஷெல்ஃப் எனக்கு ரொம்ப பிடிச்சது, அதைப் பிரிச்சு அடுப்புக்குப் போட்டப்ப மனசு கஷ்டமா இருந்துச்சு.

நெட் பிளானே வேணும்னா ஸ்க்ரூவை மாத்துங்க. துருப்பிடிக்காத ஸ்டீல்ல எஸ்எஸ் 304 குறைஞ்சபட்சம், கடலைப் பாத்த ஜன்னல் இருக்கிற ரூம்னா 316 (அதுல மாலிப்டினம் சேர்த்திருக்கு, உப்பு அரிக்கிறதைத் தாங்கும்), இல்லாட்டி பித்தளை. பித்தளை ஸ்க்ரூ மிருதுவானது, முதல்ல இரும்பு ஸ்க்ரூ ஒண்ணை ஏத்தி வழி பண்ணிட்டு அதைக் கழட்டிட்டுத்தான் பித்தளையை ஏத்தணும், இல்லைன்னா தலை முறிஞ்சிடும். தூத்துக்குடி பக்கம் இருந்து வர்ற பைன் பேலட் மரம் மலிவுன்னு வாங்குறவங்க அதுல ஹெச்டி (HT) முத்திரை இருக்கான்னு பாருங்க, அது சூடு காட்டி பூச்சி கொன்னது, எம்பி (MB)ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது, அதை வீட்டுக்குள்ள சாமானுக்கு எடுக்காதீங்க. ஹெச்டியா இருந்தாலும் பைனுக்குக் கரையான் ஆசையா வரும், தரையைத் தொடுற எதுக்கும் அது வேண்டாம்.

மாடுலர் பிளான் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்லை. மூணு நாள்ல மாட்டிட்டுப் போயிருவாங்க, பாக்க பளபளன்னு இருக்கும், கேட்ட கலர்ல மைக்கா கிடைக்கும். உள்ளே என்ன பலகைன்னு கேளுங்க. பார்ட்டிகிள் போர்டுன்னா (மரத்தூளைப் பசை போட்டு அழுத்துனது) நம்ம ஊருக்கு வேண்டவே வேண்டாம், ஓரத்துல பட்டை லேசா விட்டுப்போய் வீடு துடைக்கிற தண்ணி ஏறுச்சுன்னா அடி ஊதிரும், ஊதுனது திரும்ப இறங்காது, உள்ளே இருக்கிற பூட்டு ஸ்க்ரூ பிடிமானம் விட்டுரும். தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல ரெண்டே மழைக்காலத்துல கதவு ஒரு பக்கம் தொங்கிருச்சு, கடையில கேட்டதுக்கு தண்ணி பட்டதுக்கு வாரண்டி இல்லைன்னுட்டாங்க. பிளைவுட்ல செஞ்சு தர்றேன்னு சொன்னா பலகை மேல ஐஎஸ் 710 முத்திரையைக் கண்ணால பாத்துட்டு ஒத்துக்குங்க, அதுதான் மெரைன் பிளை, பசை விடுதான்னு 72 மணி நேரம் கொதிக்க வெச்சு சோதிக்கிற தரம். ஐஎஸ் 303ல பிடபிள்யூஆர்னு (BWR, கொதிநீர் தாங்குறது) வர்றது அதுக்கு ஒரு படி கீழ, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கிற உள் ரூமுக்குப் போதும். பரமக்குடி, முதுகுளத்தூர்னு கடலை விட்டு உள்ளே இருக்கிறவங்க நல்ல பிளைல மாடுலர் எடுத்தா நான் தடுக்க மாட்டேன். பாம்பன்ல தடுப்பேன், ஏன்னா அந்த பிளான்ல எல்லாமே கீல், சேனல், பூட்டுன்னு மெல்லிசான உலோகத்துலதான் ஓடுது.

இப்ப ஆசாரியோட காலண்டர் தாளு. எங்க ஆசாரி அவரு அப்பாகூட வத்தை (மரப்படகு) கட்டுற இடத்துல சின்ன வயசுல வேலை பாத்தவரு, ஓடாவிங்க (படகு கட்டுற ஆசாரிங்க) எப்படி பலகைக்குப் பலகை இடம் விட்டு பஞ்சு அடைச்சு குங்கிலியம் பூசுவாங்கன்னு சொல்லிக்கிட்டே வேலை செய்வாரு. அவரு போட்ட நாலு கோட்டுல நாலு காலு, குறுக்குச் சட்டம், கழுந்தும் துளையும் (ஒரு கட்டையோட முனையைச் சீவி அடுத்த கட்டையோட துளைக்குள்ள இறக்குறது), அவ்வளவுதான். பலகையைச் சட்டத்துக்குள்ள காடி (நீளப் பள்ளம்) எடுத்து சும்மா நிறுத்தி வைப்பாரு, பசை போட மாட்டாரு. ஏன்னு கேட்டேன். "மழைக்கு விரியும், கச்சானுக்கு சுருங்கும், அதுக்கு இடம் குடுத்தா அது பாட்டுக்கு இருக்கும் தம்பி, கட்டிப்போட்டாத்தான் வெடிக்கும்"னாரு. கச்சான்னா மேற்கேருந்து அடிக்கிற வறண்ட காத்து. அவரு சொன்னது முழுக்க சரி. மரம் நீளவாக்குல அசையாது, அகலவாக்குல வருஷத்துக்கு ஒரு தடவை விரிஞ்சு ஒரு தடவை சுருங்கும். கடலோர வீட்டுக்குள்ள மரத்துல ஈரம் 14ல இருந்து 16 சதவீதம் வரைக்கும் நிக்கும், உள்நாட்டுல அதை விடக் குறைவு. அதனாலதான் வெளியூர்ல செஞ்சு வாங்கிட்டு வந்த டிராயர் ஐப்பசியில இழுக்க வராம மாட்டிக்குது. எங்க ஆசாரி டிராயருக்கு ரெண்டு பக்கமும் ஒரு நூல் ஒரு நூல் இடம் விடுவாரு (எட்டு நூல் ஒரு இஞ்ச்), ஸ்டீல் சேனலுக்குப் பதிலா மரத்துலயே ஓடுபட்டை வெச்சு மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு விட்டுருவாரு. துரு பிடிக்க அங்க எதுவுமே இல்லை.

அவரு பிளான்லயும் குறை இருக்கு, அதையும் சொல்லணும். வெட்டு பட்டியல் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு, மரக்கடைக்கு மூணு தடவை நடக்க வைப்பாரு. பிளைவுட் வாங்குனா வீணாக்கம் அதிகம். எட்டுக்கு நாலு ஷீட்ல 12 இஞ்ச் அகலத்துல நாலு பலகை எடுக்கலாம்னு நினைப்பாரு, ஆனா ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூல் தின்னும், நாலாவது பலகை குறையும், அதுக்கு இன்னொரு ஷீட். 11 இஞ்ச் 6 நூல்னு போட்டா நாலும் அதே ஷீட்ல வந்துரும், அடுப்படி ரேக்குக்கு அந்த ஆழம் தாராளம். இந்த விஷயத்துல நெட் பிளான்காரங்கதான் கெட்டி.

இன்னொரு குறை பலகை நீளம். மூணு பிளான்லயுமே இந்தக் குறை இருந்துச்சு. தட்டு தொய்யுறது நீளத்தைப் பொறுத்து நேரா கூடாது, ஒரே நெருக்கத்துல பாரம் ஏத்துனா ரெண்டடி தட்டு ஒரு நூல் தொய்யுற இடத்துல அதே கனத்துல மூணடி தட்டு அஞ்சு நூல் தொய்யும். கனமும் அப்படித்தான், 12 எம்எம் பலகை 18 எம்எம்மை விட மூணு மடங்குக்கு மேல தொய்யும். பட்டுப்புடவை அடுக்குன தட்டு எவ்வளவு கனம்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நாலடி அலமாரிக்கு நடுவுல ஒரு தடுப்பு கட்டாயம் போடுங்க, யாரு பிளானா இருந்தாலும்.

மரம் எதுன்னு கேப்பீங்க. தேக்குதான் ஒழுங்கா இருக்கும், சந்தேகம் இல்லை, அசையுறது குறைவு, எண்ணெய் உள்ளேயே இருக்கு. புதுத் தேக்கு வாங்க முடியலைன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுச் சாமான் விக்கிற கடைங்க வரிசையா இருக்கு, உடைச்ச வீட்டுச் சட்டம் நல்லா காஞ்சு கிடைக்கும், அறுக்கிறதுக்கு முன்னாடி காந்தம் வெச்சு ஆணி தேடிக்குங்க. வேம்பு கரையானுக்கு நல்லது, ஆனா நரம்பு மாறி மாறி ஓடும், இழைப்புளி பிடிக்காது, சரியா காயலைன்னா முறுக்கிக்கும். எனக்குப் பிடிச்சது பூவரசு. நம்ம கடற்கரையிலயே வளர்றது, உள் வைரம் சாக்லேட் கலர்ல இருக்கும், வண்டி செய்யவும் படகு செய்யவும் காலங்காலமா எடுத்தது. அகலப் பலகை கிடைக்காது, மரம் கோணல்மாணலாத்தான் வளரும், ஆனா காலுக்கும் சட்டத்துக்கும் அகலம் எதுக்கு?

சீமைக்கருவேலத்தை எல்லாரும் கரிமூட்டத்துக்குத்தான் அனுப்புறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. மாவட்டம் முழுக்க நிக்குது, கட்டை கனமானது, சுருங்குறது ரொம்பக் குறைவு. நேரா ரெண்டடி மூணடிக்கு மேல கிடைக்காது, வெளி வெள்ளைப் பகுதியில வண்டு விழும், அதைச் சீவி எறிஞ்சிட்டு உள்கட்டையை எடுத்தா டிராயர் ஓடுபட்டைக்கும் கைப்பிடிக்கும் அதை விட நல்ல கட்டை இல்லை. பனை வேண்டாம், அலமாரிக்கு மட்டும்தான் சொல்றேன். வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, உள்ளே பஞ்சு, ஸ்க்ரூ பிடிக்காது, சிலாம்பு கையில ஏறும். பரணுக்கு விட்டமா போட நல்லது, அதுவும் உடைச்ச வீட்டு பழைய பனஞ்சட்டமா இருக்கட்டும். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லியாச்சு, நிக்கிற பனையைத் தொடாதீங்க.

எந்த மரமா இருந்தாலும் வாங்குன அன்னைக்கே அறுத்து மாட்டாதீங்க. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு பெரியவங்க சொல்றது காத்துல காயுற பச்சை மரத்துக்கு. கடையில காஞ்சது வாங்குனாலும் வீட்டுக்குள்ளேயே நடுநடுவுல ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) வெச்சு அடுக்கி ஒரு மாசமாவது போட்டு வைங்க, அந்த வீட்டு ஈரத்துக்கு மரம் பழகணும்.

கட்டிலுக்கு வர்றேன். மாடுலர் படத்துல மேல தூக்குற ஹைட்ராலிக் கட்டில், நெட் பிளான்ல சுத்தி அடைச்ச பெட்டியில ஆறு டிராயர். ரெண்டும் வேண்டாம்னு சொல்லிட்டேன். காத்து போகாத பெட்டிக்குள்ள பாயும் போர்வையும் வெச்சா மார்கழிக்குள்ள பூஞ்சை வாசம் வந்துரும், அந்த கேஸ் கம்பியில உப்பு ஏறுனா தூக்குறது நின்னு போகும். கட்டிலுக்கு காலு விட்டு அடியில 10 இஞ்ச் இடம் இருக்கட்டும், அதுக்குள்ள தனித்தனியா இழுக்குற மாதிரி நாலு மரப்பெட்டி, பெட்டியோட அடிப்பலகையில விரல் நுழையுற சந்து விட்டு. மேல மெத்தைக்கு ஒரு இஞ்ச் கனம் மூணு இஞ்ச் அகலம் ரீப்பர், ரெண்டு இஞ்ச் இடைவெளி. வீடு துடைக்கிறப்ப பெட்டியை இழுத்துட்டு துடைக்கலாம், அக்காவுக்கு இது உடனே பிடிச்சுப்போச்சு.

அடுப்படிக்கு மரமே வேண்டாம்னுதான் என் முடிவு, மரவேலை பாக்குறவன் சொல்றேன். கொத்தனாரைக் கூப்பிட்டு மேடைக்குக் கீழ கடப்பா கல்லை நிறுத்தி தட்டு போட்டுட்டா தண்ணி, கரையான், மீன் அலம்புன ஈரம் எதுக்கும் கவலை இல்லை. கதவு வேணும்னா முன்னாடி மட்டும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில போடலாம், அது தண்ணி குடிக்காது, ஆனா ஸ்க்ரூவை மரம் மாதிரி கெட்டியா பிடிக்காது, பாரம் ஏத்துற தட்டுக்கு அது ஆகாது. கருவாட்டு டப்பா வைக்கிற இடத்துக்குக் கதவே போடாதீங்க. மேல மசாலா ரேக்குக்கு மட்டும் பூவரசுல சின்னதா ஒண்ணு ஆசாரி செய்யட்டும்.

ஆக அலமாரிக்கு எடுத்தது ஆசாரியோட எலும்புக்கூடு, அதை நெட் பிளான் மாதிரி பட்டியல் போட்டு நானே எழுதிக் கொடுத்தேன். ஆறரை அடி உயரம், நாலடி அகலம், 22 இஞ்ச் ஆழம். காலு நாலு, ரெண்டுக்கு ரெண்டு. குறுக்குச் சட்டம் மூணுக்கு ஒன்னே கால், முன்னாடி பின்னாடி சேத்து நாலடியில ஆறு, ரெண்டு பக்கமும் சேத்து 22 இஞ்ச்ல ஆறு. அடி நீளத்தை அகல இஞ்ச்சாலயும் கன இஞ்ச்சாலயும் பெருக்கி 144ல வகுத்தா கன அடி வரும், எல்லாம் சேத்து 1.6 சொச்சம், சேதாரம் போட்டு ரெண்டு கன அடி வாங்குனா போதும். சுத்துப் பலகைக்கு 9 எம்எம் மெரைன் பிளை காடிக்குள்ள. இதையே முழுக்க 18 எம்எம் பிளைல பெட்டியா அடிச்சா மூணு ஷீட் முழுசா, நடுத்தடுப்புக்கு நாலாவதுல பாதி, பின்பக்கத்துக்கு தனியா ஒண்ணு ஆகும், கனமும் ரெண்டு ஆளு நகத்த முடியாத கனம்.

அலமாரியோட அடிப்பலகை தரையில இருந்து ஆறு இஞ்ச் தூக்கி, ஒவ்வொரு கால் அடியிலயும் ஒரு கிரானைட் துண்டு. பின்பக்கம் சுவரை விட்டு ரெண்டு இஞ்ச் தள்ளி நிக்கணும், நம்ம பக்கம் நிறைய வீட்டுச் சுவர்ல உப்பு பூக்கும், அதுல ஒட்டி வெச்சா பின்பலகைதான் முதல்ல போகும். கதவு அடியிலயும் மேலயும் சாய்பட்டை (லூவர்) வெச்சு காத்து ஓட வழி. கீல் பித்தளை. பசை ஃபெவிகால் மெரைன், அதுவும் கழுந்துல மட்டும். வார்னிஷ் வேண்டாம், லின்சீட் ஆயில் மூணு கை, தேய்ச்ச துணியைச் சுருட்டிப் போடாம விரிச்சுக் காயப்போடுங்க, சுருட்டிப் போட்டா தானா சூடேறி தீப்பிடிக்கும்.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க இதுலயே கழுந்தைப் பசை போடாம ஆப்பு வெச்சு இறுக்கச் சொல்லுங்க, வீடு மாறுறப்ப ஆப்பைத் தட்டிட்டுப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடலாம்.

மச்சானுக்கு மாடுலர் படத்து மேல இன்னும் ஒரு கண்ணு இருக்கு, அந்த வெள்ளைக் கலரு அவருக்குப் பிடிச்சிருக்கு. பூவரசு இப்ப உள் ரூம்ல ரீப்பர் மேல அடுக்கிக் கெடக்கு, ஆவணி கடைசியில ஆசாரி உளியோட வர்றேன்னுருக்காரு, வாடை திரும்புறதுக்குள்ள சட்டம் நிக்கணும்.